ஒஸ்ரைகே அரசர் பட்டியலை நீங்களே தயாரிப்பது எப்படி

ஒஸ்ரைகே என்பது அயர்லாந்தின் தென்கிழக்கில், மன்ஸ்டர், லென்ஸ்டர் என்ற இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவில் இடைக்காலத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன அரசு. இன்றைய கில்கென்னி கவுண்டியின் பெரும்பகுதியும் லீஷ் கவுண்டியின் மேற்குப் பக்கமும் அதில் அடங்கும். அதன் அரசர் பட்டியல் இணையத்தில் தயாராகவே கிடைக்கும். ஆனாலும் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், அப்போதுதான் பெரிய அரசர்களுக்கு இடையில் இவர்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது பிடிபடும்.

முதலில் இறப்புகளைத் தேடுங்கள். மடாலயத் துறவிகள் வருடவாரியாக எழுதிய குறிப்புகள்தான் நமக்கு முக்கிய ஆதாரம். அவற்றில் ஒருவர் பட்டத்துக்கு வந்த செய்தி அபூர்வம், ஆனால் செத்த செய்தி பெரும்பாலும் இருக்கும்: பெயர், அப்பா பெயர், எந்த நாட்டு அரசர். கார்க் பல்கலைக்கழகத்தின் செல்ட் (CELT) தளத்தில் இவை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகவே இருக்கின்றன. ஆட்சி தொடங்கிய வருடத்தை முந்தையவர் இறந்த வருடத்திலிருந்து ஊகித்துப் போட்டால், அது ஊகம் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

ஒஸ்ரைகே அரசர் கெர்வலிலிருந்து ஆரம்பிப்பது சுலபம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்டு 888-ல் இறந்தவர், வைக்கிங்குகளோடு சண்டையும் போட்டார், தேவைப்பட்டபோது கூட்டும் வைத்தார், பின்னாளில் ஐஸ்லாந்துக் குடும்பங்கள் சில தங்களை இவர் வம்சம் என்று சொல்லிக்கொண்டன. இவருடைய அப்பா பெயர் ஓரிடத்தில் டூன்லங், இன்னோரிடத்தில் டூங்கல். ஆள் ஒருவரேதான், அதனால் பெயர் மாறினால் உடனே புது வரி போட்டுவிடாதீர்கள்.

வருடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். அந்தக் குறிப்புகளில் ஒன்றான அல்ஸ்டர் குறிப்புகளின் (Annals of Ulster) மூலப் பிரதியில் 1013 வரை வருட எண் ஒன்று பின்தங்கி இருக்கும், புதிய பதிப்புகளில் திருத்தியிருப்பார்கள். 1630களில் தொகுக்கப்பட்ட நான்கு ஆசிரியர்களின் தொகுப்பு (Annals of the Four Masters) இன்னும் தள்ளிப்போகும், 908-ல் நடந்த பெலாக் மூக்னா போர் அதில் 903-ன் கீழ் இருக்கிறது. ஆகவே ஆதாரம் சொல்லும் வருடத்துக்குப் பட்டியலில் ஒரு பத்தி (நெடுவரிசை), திருத்திய வருடத்துக்கு இன்னொரு பத்தி. அந்தத் தொகுப்பில் இந்தச் சின்ன அரசர்களைப் பிரபு என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், அரசர் என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

அப்புறம், தந்தைக்குப் பின் மகன் என்று தானாகக் கோடு இழுக்க வேண்டாம். ஆளும் கிளையில் பிறந்த ஆண்களில் தகுதியும் ஆள்பலமும் உள்ளவர் வருவதுதான் அங்கே வழக்கம். கெர்வலுக்குப் பின் தம்பி ரியகான் வந்தார், அடுத்து 894-ல் கெர்வலின் மகன் டியர்மட். 905-ல் அவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு அவருடைய சகோதரர் கெல்லாக் வந்தார். கெல்லாக், மன்ஸ்டர் அரசர் கார்மாக்கின் பக்கம் நின்று பெலாக் மூக்னாவில் கொல்லப்பட்டார், வென்ற அயர்லாந்தின் உயர் அரசர் ஃப்ளான் சின்னா டியர்மட்டை மறுபடி உட்காரவைத்தார். பட்டியலில் டியர்மட் இரண்டு முறை வர வேண்டும், அதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இதனால்தான் 'மேலே யார்' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும் என்கிறேன், எனக்கு இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது அதுதான். 859 வரை ஒஸ்ரைகே மன்ஸ்டரின் கீழ், அந்த வருடம் ராஹ்யூ என்ற இடத்தில் கூடிய சபையில் அதை அயர்லாந்தின் வடபாதியோடு சேர்த்துவிட்டார்கள். 1033-ல் நிலைமை தலைகீழ்: ஒஸ்ரைகே அரசர் டானகா, கில்லா பாட்ரிக்கின் மகன், லென்ஸ்டருக்கே அரசராகி 1039-ல் இறக்கும்வரை இருந்தார். இந்தப் பத்தி இல்லாவிட்டால் இந்த இரண்டு மாற்றங்களும் தெரியாமல் பட்டியல் வெறும் பெயர்களாக நின்றுபோகும்.

நார்மன்கள் வந்த 1169-க்குப் பிறகு கில்கென்னிப் பக்கம் கைவிட்டுப் போனது, ஆளும் குடும்பம் வடக்கே ஒதுங்கியது. 1541-ல் அதே வம்சத்தவர் ஆங்கிலேய அரசரிடம் மேல் ஆஸரி (ஒஸ்ரைகேயின் ஆங்கில வடிவம்) பாரன் (Baron) என்ற பிரபுப் பட்டம் வாங்கி ஃபிட்ஸ்பேட்ரிக் ஆனார்கள். அவர்களைத் தனித் தாளில் போடுங்கள்.