டேட்டாபேஸ் சர்வர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிச்சி தெருவில் பழைய கணினி ஒன்று வாங்கி, உபுண்டு இயங்குதளம் போட்டு, அதில் போஸ்ட்கிரெஸ் அல்லது மையெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவுவது பெரிய வேலை இல்லை. சென்னையில் எத்தனையோ சின்ன அலுவலகங்களும் டியூஷன் சென்டர்களும் இப்படித்தான் தொடங்குகின்றன. நிறுவிய கையோடு அவசரத்தில் செய்கிற காரியங்கள்தான் பின்னால் படுத்தி எடுக்கும். தகவல் உள்ளே போவதற்கு முன்னால் பத்து நிமிடத்தில் திருத்தலாம். போன பிறகு ஒரு வாரம் ஆனாலும் திருத்தி முடியாது.

முதல் தவறு, போர்ட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பு உள்ளே வரும் வாசலை, எல்லாருக்கும் திறந்துவிடுவது. போஸ்ட்கிரெஸ் ஆரம்பத்தில் அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். பக்கத்து மேசையிலிருந்து இணைய முடியவில்லை என்றதும், எல்லா முகவரிகளுக்கும் திறந்து, அனுமதிக் கோப்பில் 'டிரஸ்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் கடவுச்சொல்லே கேட்காது. கணினிக்குப் பொது ஐபி (இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) இருந்தால், இந்த இரண்டு மென்பொருள்களும் வழக்கமாகப் பயன்படுத்தும் 5432, 3306 போர்ட்களைத் தேடி அலையும் நிரல்கள் சீக்கிரமே வந்து சேரும். அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்து, கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாமல் சரிபார்க்கும் 'ஸ்க்ராம்' முறையில் அதை வையுங்கள். வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக வரட்டும். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டை உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுப்பதில்லை.

அடுத்தது தமிழ். இதில் ஏமாறுவது சுலபம். மையெஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் இருக்கும் எழுத்துக் குறியாக்கம் ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். நாம் அன்றாடம் தட்டச்சு செய்யும் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்தான், அதனால் எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு வாடிக்கையாளர் இமோஜி சேர்த்து அனுப்பும் நாளில் பிழை வரும், அல்லது வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். தேவையானது 'யுடிஎஃப்8எம்பி4'. 8.0 பதிப்பிலிருந்து புது டேட்டாபேஸ்களுக்கு அதுவே இயல்பாக வருகிறது. ஆனால் பழைய டம்ப் கோப்பை (டேட்டாபேஸிலிருந்து எடுத்த நகலை) ஏற்றினால் பழைய அமைப்பும் கூடவே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்திலும் கவனம் வேண்டும். திருவல்லிக்கேணி நம் கணக்கில் எட்டு எழுத்து. மெய்யையும் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியாக எண்ணும் டேட்டாபேஸுக்கு அது 15. ஊர்ப் பெயருக்குப் பத்து போதும் என்று வைத்தால் திருவல்லிக்கேணி உள்ளே நுழையாது.

நினைவக அளவைப் பற்றி ஒரு வரி போதும்: போஸ்ட்கிரெஸ் ஆரம்பத்தில் தனக்கென ரேமில் வைத்துக்கொள்வது வெறும் 128 எம்பி. டேட்டாபேஸுக்கென்றே உள்ள கணினியில் மொத்த ரேமில் கால் பங்கு வரை கொடுக்கலாம்.

அப்புறம் கரண்ட். எழுதிய தகவல் டிஸ்க்கைச் சேர்ந்ததை உறுதிசெய்யும் 'எஃப்சிங்க்'கை, வேகம் கூடும் என்று அணைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பவே நம்பாதீர்கள். எழுதிய தகவல் டிஸ்க்கைச் சேரும் முன் கரண்ட் போனால் மொத்த டேட்டாபேஸும் மீட்க முடியாமல் கெட்டுப்போகலாம். யுபிஎஸ் வாங்குவதோடு, பேட்டரி குறையும்போது சர்வர் தானாக ஒழுங்காக நிற்கும்படியும் அமையுங்கள்.

பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் சர்வர் பக்கத்திலேயே இருப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலை என்கிரிப்ட் செய்து சென்னைக்கு வெளியே வையுங்கள்.

எடுத்த பேக்கப்பை ஏற்றிப் பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. 2017 ஜனவரியில், நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. டம்ப் எடுக்கும் நிரலின் பதிப்பு சர்வரின் பதிப்போடு பொருந்தாததால் பேக்கப்பே எடுபடாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தகவல் போனது. மாதம் ஒருமுறை உங்கள் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, முக்கியமான டேபிள்களில் வரிசைகளை எண்ணி, கடைசிப் பதிவின் தேதியையும் பாருங்கள்.