முதல் .22 ரைஃபிள்: கடையில் பார்த்து எடுப்பதும் நமக்கேற்ப மாற்றுவதும்

அமெரிக்காவில் குடியேறி, ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழக ஆசைப்படும் நம் ஆட்கள் பலர் முதலில் கேட்பது ராணுவ ரைஃபிள் சாயலில் வரும் ஏஆர்-15 பற்றித்தான். முதல் ரைஃபிளாக அதை வாங்க வேண்டாம் என்பேன். .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா போடும் சிறிய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் தொடங்குங்கள்; டிரிகரை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை அது. தோளில் உதையே தெரியாது. சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. வெடிச்சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது கஷ்டம்; .22-இல் பழகியவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.

இந்த வகையில் மலிவு விலைத் துப்பாக்கி மட்டமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டத் தேவையில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம். பிறகு பணத்தைச் சரியான வரிசையில் செலவழித்தால், விலையுயர்ந்த துப்பாக்கியோடு வருபவருக்குப் பக்கத்திலேயே நின்று நன்றாகச் சுடலாம். அந்த வரிசைதான் பலருக்குத் தலைகீழாகிவிடுகிறது.

முதலில் சட்டம்

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு; அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு இறங்குங்கள். "நண்பன் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்" என்ற பேச்சே வேண்டாம், அது கடுமையான குற்றம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை, அதாவது தோட்டா அடைத்துத் துப்பாக்கியில் மாட்டும் பெட்டியை, தடைசெய்த மாநிலங்களும் இருக்கின்றன.

எதைப் பார்ப்பது

ரூகர் 10/22 தான் எல்லோருக்கும் தெரிந்தது. 1964-இல் வந்தது, இன்னும் தயாரிக்கிறார்கள். 10 தோட்டாக்கள் உருளை போலச் சுழன்று ஏறும் அதன் மேகசின் அடிப்பக்கம் துருத்தாமல் உள்ளே அடங்கிவிடும். அந்த மேகசின்தான் இந்தத் துப்பாக்கியின் உயிர். சேவேஜ் 64, ராஸி ஆர்எஸ்22 இரண்டும் அதைவிட மலிவு. பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் 1960-இல் அறிமுகமான மார்லின் மாடல் 60-ஐ அடிக்கடி பார்ப்பார்கள். குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாயில் தோட்டா நிரப்பும் வகை அது. நன்றாகவே சுடும், ஆனால் பயிற்சியின்போது நிரப்புவதற்கே நேரம் போய்விடும்.

மாற்றிப் பழக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் 10/22 எடுங்கள். அதற்குக் கிடைக்கிற அளவுக்கு உதிரிப் பாகம் வேறெந்த .22-க்கும் கிடையாது.

கடையில் சோதிப்பது

கையில் வாங்கியதும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும், முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் குழலின் பின்முனை) காலியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டு விரலை விட்டும் பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சரி. குழல் முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்து குழலின் முன்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான். அந்த விளிம்பில் ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாக விலகும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அந்த விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது பஞ்சு நூல் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. புதுத் துப்பாக்கியானால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சிறிய டார்ச்சைச் சேம்பர் பக்கம் பிடித்து முன்வாய் வழியாகக் குழலின் உள்ளே பாருங்கள். குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுழல்கோடுகள் கடைசிவரை ஒரே மாதிரி ஓட வேண்டும். நடுவில் கருவளையம் போல ஒரு நிழல் தெரிந்தால், உள்ளே குண்டு மாட்டியிருந்தபோது இன்னொன்றைச் சுட்டுக் குழல் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை வாங்காதீர்கள்.

பழைய துப்பாக்கியில் இன்னும் ஓர் இடம் முக்கியம். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ரசாயனம் அடிவிளிம்பில் இருக்கிறது, ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமலேயே பல காலம் டிரிகரை இழுத்து இழுத்துப் பார்த்த சில துப்பாக்கிகளில், ஊசி நேராகச் சேம்பரின் வாயிலேயே இடித்துச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே வர விடாது. சேம்பர் வாயில், ஊசி படும் இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும்.

திருகுகளையும் பாருங்கள். திருகுத் தலை சிதைந்திருந்தால் சரியான ஸ்க்ரூடிரைவர் இல்லாத யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். வேறு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மேகசினை மாட்டி எடுங்கள், ஆட்டம் அதிகம் இருக்கக் கூடாது. கடைக்காரர் அனுமதித்தால், காலித் துப்பாக்கியில் சேஃப்டியை (சுட விடாமல் தடுக்கும் பொத்தான்) போட்டு டிரிகரை அழுத்துங்கள், உள்ளே இருக்கும் சுத்தியல் 'க்ளிக்' என்று விழக் கூடாது. பிறகு விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் விழக் கூடாது.

கட்டையின் (தோளில் வைத்துப் பிடிக்கும் பாகம்) கீறல், பூச்சின் மங்கல், பிளாஸ்டிக் டிரிகர் கூடு ஆகியவற்றுக்காக நல்ல துப்பாக்கியை ஒதுக்க வேண்டாம். 10/22-இன் டிரிகர் கூடும் இப்போது பிளாஸ்டிக்தான், வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

சுட்டுப் பார்த்து எடைபோடுவது

வீட்டுக்கு வந்ததும் குழலைத் துடையுங்கள். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் உள்ளே இருக்கும். போல்ட் நகரும் இடங்களில் மட்டும் சொட்டு எண்ணெய் போதும். மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள், கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் தோட்டா. .22 ரைஃபிளுக்கு வாய் ருசி உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாது. ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். சிசிஐ மினி-மேக், சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி இரண்டும் அதில் இருக்கட்டும். முதலாவது நொடிக்கு 1,235 அடி வேகம் கொண்டது, போல்ட்டைத் தயங்காமல் தள்ளும். இரண்டாவது 1,070 அடி, ஒலியின் வேகத்துக்குக் கீழே. வேகம் குறைந்தது தாளில் பெரும்பாலும் நெருக்கமாக விழும். ஆனால் சில மலிவுத் துப்பாக்கிகளில் அதற்குப் போல்ட் முழுதாகப் பின்வாங்காது.

மேஜையில் மணல்பை வைத்து, 50 கெஜத்தில், ஒவ்வொரு வகையிலும் 5 தோட்டா வீதம் பல தடவை சுடுங்கள். மிக விலகிய இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளவெடுங்கள். நன்றாக விழுந்த ஒரு தாளை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பெருமைப்படாமல் எல்லாத் தாள்களின் சராசரியைப் பாருங்கள். சாதாரணத் தோட்டாவில் 2 அங்குலத்துக்குள் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடித்த தோட்டாவில் 1 அங்குலத்தை நெருங்கினால் குழலை மாற்றும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

சிக்கல் வந்தால் உடனே துப்பாக்கியைத் திட்ட வேண்டாம். மேகசின்களில் 1, 2, 3 என்று மார்க்கரால் எண் போட்டு, எது எதில் சிக்கியது என்று நோட்டில் எழுதுங்கள். எல்லாத் தடங்கலும் 2-ஆம் மேகசினில் மட்டும் என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. எல்லா மேகசினிலும் ஒரே வகைத் தோட்டா மட்டும் சிக்கினால் தோட்டாவை மாற்றுங்கள். எதைப் போட்டாலும் காலிக் கூடு வெளியே வராமல் நின்றால், முதலில் சேம்பரைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், பிறகு கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியைப் பாருங்கள். அந்தக் கொக்கி சில டாலர் விலையில் புதிதாகக் கிடைக்கும்.

இரண்டு விஷயத்தில் அவசரமே கூடாது. டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே பிடித்து அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்து பிறகு திறங்கள். 'புஸ்' என்று வழக்கத்துக்கு மாறான மெல்லிய சத்தம் கேட்டால், அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் குண்டு நிற்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். கடையில் பார்த்த அந்தக் கருவளையம் இப்படித்தான் உண்டாகிறது.

மாற்றங்கள், இந்த வரிசையில்

குறிபார்க்கும் கருவி முதலில். 10/22-உடன் வரும் திறந்த குறிகள் பரவாயில்லை ரகம். கண் நன்றாக இருந்தால் துவாரக் குறி போடுங்கள். கண்ணுக்கு அருகே சின்ன வட்டத் துளை, முனையில் மெல்லிய கம்பி. துளையின் நடுவில் கம்பியை நிறுத்த வேண்டியதுதான், மற்றதைக் கண் தானே பார்த்துக்கொள்ளும். டெக்-சைட்ஸ் நிறுவனத்தின் துவாரக் குறியைப் பல 10/22-களில் பார்க்கலாம். ஸ்கோப் வேண்டுமென்றால் .22-க்கென்றே செய்ததை வாங்குங்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளில் பேரலாக்ஸை, அதாவது கண் அசைந்தாலும் குறுக்குக்கோடு நகராமல் நிற்கும் தூரத்தை, 100 கெஜம் அல்லது அதற்கும் மேல் வைத்திருப்பார்கள். 50 கெஜத்தில் அதைப் பயன்படுத்தினால் தலை கொஞ்சம் அசைந்தாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். ஸ்கோப் அடித்தட்டின் திருகுகளை மென்மையான அலுமினிய உடம்பில் மாட்டுகிறீர்கள், பலம் காட்டாமல் முறுக்குங்கள்.

இரண்டாவது ஸ்லிங். தோளில் தொங்கவிடும் வார்தானே என்று நினைப்பவர்கள் அதிகம். துணைக்கையின் மேல்புறத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே, வாரைச் சுருக்குப் போட்டு இறுக்கி, கையை வாருக்கு வெளியே சுற்றிக் கொண்டுவந்து கட்டையைப் பிடியுங்கள். முழங்கை துப்பாக்கிக்கு நேர்கீழே தரையில் ஊன்றட்டும். படுத்த நிலையில் இதைச் சரியாகக் கட்டினால் எடையைத் தாங்குவது வார், உங்கள் தசை ஓய்வில் இருக்கும். குறுக்குக்கோட்டின் ஆட்டம் கண்ணெதிரே அடங்குவதைப் பார்ப்பீர்கள். 1¼ அங்குல அகலப் பருத்தி ராணுவ ஸ்லிங் மலிவு. இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான்.

மூன்றாவது உடம்புக்குப் பொருத்தம். தோளில் வைத்துக் கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். குறி நேராகத் தெரிய வேண்டும். ஸ்கோப் போட்ட பிறகு கழுத்தை உயர்த்தினால்தான் தெரிகிறது என்றால் கட்டையின் மேல் கன்னத் திண்டு கட்டுங்கள். நம்மில் குள்ளமானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கமான கட்டை நீளமாக இருக்கும், சிறிய கட்டை போட்ட காம்பேக்ட் மாடலைப் பாருங்கள்.

டிரிகர் அதற்கு அப்புறம்தான். ரூகரே விற்கும் பிஎக்ஸ் டிரிகர் சுமார் 2.75 பவுண்டு அழுத்தத்திலேயே சுட்டுவிடும், துப்பாக்கியோடு வரும் டிரிகரை ஏறக்குறைய இரு மடங்கு அழுத்த வேண்டும். முழுத் தொகுதியாக மாட்டுவது என்பதால் புதியவரும் செய்யலாம். துப்பாக்கியைக் காலி செய்து மேகசினைக் கழற்றுங்கள். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் முன்பக்கப் பட்டையைத் தளர்த்துங்கள். கட்டையின் அடியில் உள்ள ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். சேஃப்டிப் பொத்தானை இரு பக்கமும் சமமாக நிற்கும்படி நடுவில் வையுங்கள்; இதை மறந்தால் கட்டை விடாது, இழுத்தால் விரிசல் விழும். பிறகு முனையைத் தூக்கி வெளியே எடுத்து, டிரிகர் கூட்டைப் பிடிக்கும் இரண்டு ஊசிகளைத் தள்ளினால் தொகுதி கையோடு வந்துவிடும். போல்ட்டின் பின்னால் இருக்கும் தடுப்பு ஊசி தளர்வானது, கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

டிரிகரின் உள் பாகங்களை அரம் போட்டு ராவ வேண்டாம். ஒரு மயிரிழை கூடுதலாகப் போனால் சேஃப்டி பெயருக்குத்தான் இருக்கும். குழலை 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் அது மத்திய அரசிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வகையாகிவிடும். அந்த இரண்டின் பக்கமும் போகாதீர்கள்.

மேகசினைக் கழற்ற அழுத்தும் நீளமான விடுவிப்பான், நிறுத்திவைத்த போல்ட்டை லேசாகப் பின்னுக்கு இழுத்தாலே தானாக விடும் போல்ட் பூட்டு இரண்டும் மலிவானவை, வசதியானவை. கனமான குழலும் வண்ண வண்ணக் கட்டையும் காத்திருக்கலாம்.

எதை மாற்றினாலும் குறியை மறுபடி சரிபாருங்கள். வேகமான தோட்டாவுக்கு 50 கெஜத்தில் குறி வைத்தால் 25-இலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும், 100-இல் 6, 7 அங்குலம் கீழே இறங்கும். சின்னத் தோட்டா என்று இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடாதீர்கள், அது ஒரு மைலுக்கும் மேல் பறக்கக்கூடியது. சுட்டு முடித்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். வீட்டில் துப்பாக்கி பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில்.

இவ்வளவும் ஆன பிறகு உங்கள் பக்கத்தில் புராஜெக்ட் ஆப்பிள்சீட் முகாம் எப்போது என்று தேடிப் பாருங்கள். 2006 முதல் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் நடத்தும் பயிற்சி அது. துவாரக் குறியும் ஸ்லிங்கும் போட்ட 10/22-தான் அங்கே சர்வசாதாரணம். சின்னதாக்கிய இலக்குகளை 25 கெஜத்தில் வைத்து நின்று, அமர்ந்து, படுத்துச் சுடச் சொல்வார்கள். 40 தோட்டா, 250 மதிப்பெண், 210 எடுத்தால் தேர்ச்சி. இரண்டு மேகசின், நோட்டு, காதுக் கவசம், கண்ணாடி, படுக்க ஒரு பாய், உங்கள் துப்பாக்கி ஒத்துக்கொண்ட தோட்டாவில் போதுமான பெட்டிகள் என எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.