செடியோட ஜீனா, பாக்டீரியாவோட ஜீனா? எஃப்ஒய்பில மாட்டிக்கிற இடங்கள்

எஃப்ஒய்பி (கடைசி வருஷ ப்ராஜெக்ட்) ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொடுங்கன்னு யாராவது அனுப்பினா நான் முதல்ல தேடுறது இதைத்தான், அந்த ஜீன் யாரோடது. சாந்தோமோனாஸ்ங்கிற பாக்டீரியா கொண்டு வர்ற நெல் இலைக்கருகல் நோய் பத்தி எழுதும்போது "சாந்தோமோனாஸ் தன்னோட ஸ்வீட்11 ஜீனை வச்சு சர்க்கரை எடுக்குது"ன்னு போட்டுடறாங்க. இல்லப்பா, ஸ்வீட்11 நெல்லோடது, சர்க்கரையை செல்லுக்கு வெளிய விடுற வாசல். பாக்டீரியா பிடிஹெச்எக்ஸ்ஓ1-ன்னு ஒரு புரோட்டீனை நெல் செல்லுக்குள்ள ஊசி போடுற மாதிரி ஏத்துது, அது நியூக்ளியஸுக்குப் போய் ஸ்வீட்11 புரமோட்டர்ல (ஜீனுக்கு முன்னாடி இருக்கிற சுவிட்ச் பகுதி) உட்கார்ந்து சுவிட்சைப் போடுது. திருடன் வீட்டுக்காரன் கையாலயே கதவைத் திறக்க வைக்கிறான், அவ்வளவுதான்.

இதுல இன்னொரு வழுக்கல், நெல்லுக்கு இந்த நோயைத் தாங்குற சக்தி தர்ற எக்ஸ்ஏ13-யும் எக்ஸ்ஏ27-யும் ஒரே ரகம்னு எழுதுறது. ஆங்கில சின்ன எழுத்துல போடுற எக்ஸ்ஏ13 ரிசசிவ் (ரெண்டு பிரதியும் அப்படி இருந்தாத்தான் பலன்), அது அதே ஸ்வீட்11 தான், புரமோட்டர் மாறிப்போனதால அந்தப் புரோட்டீனுக்கு உட்கார இடமில்ல. நம்ம சிங்கப்பூர் டெமாசெக் லைஃப் சயன்ஸஸ் லேப் 2005-ல வெளியிட்ட எக்ஸ்ஏ27 டாமினன்ட் (ஒரு பிரதி இருந்தாலே போதும்), அங்க பாக்டீரியா சுவிட்சைப் போட்டா செடி முழிச்சுக்கும். நேர் எதிர் கதை.

வெளிய வந்த சர்க்கரையை பாக்டீரியா எப்படி உள்ள இழுக்குதுங்கிறது தனி. சர்க்கரை உள்ள வரும்போதே பாஸ்பேட் ஒட்டும்ங்கிற ஈ.கோலை பாக்டீரியா பாடத்தை எல்லாத்துக்கும் அப்படியே காப்பி பண்ணாதீங்க. ஆப்பிள், பேரிக்காயைக் கருக்குற எர்வினியா பாக்டீரியா சுக்ரோஸை (நாம சாப்பிடுற சர்க்கரை) உள்ள எடுக்கும்போதே பாஸ்பேட் ஒட்டிடும். டெக்கா மார்க்கெட்ல கோஸ் வாங்கும்போது இலை ஓரத்துல ஆங்கில வி எழுத்து மாதிரி மஞ்சளா பார்த்திருப்பீங்கல்ல, கருப்பு அழுகல் நோய் அப்படித்தான் தெரியும், அதைக் கொண்டு வர்ற சாந்தோமோனாஸ்ல வெளிச்சவ்வுல சக்ஸ்ஏ, உள்சவ்வுல சக்ஸ்சின்னு ரெண்டு புரோட்டீன் இருக்கு, பாஸ்பேட் இல்லாமலே சுக்ரோஸ் உள்ள போயிடும். இது 2007-லயே வந்தாச்சு. சக்ஸ்ஏ சுக்ரோஸ் ரொம்ப கம்மியா இருந்தாலும் பிடிச்சிடும், அதனால அந்த ஜீனைத் தூக்கின பாக்டீரியாவை (மியூட்டன்ட்) வளர்ப்புக் கரைசல்ல சுக்ரோஸைக் கொட்டி வளர்த்துட்டு "மியூட்டன்ட்ல வித்தியாசமே இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க லா.

அப்புறம் சுக்ரோஸை ஆட்டோகிளேவ் பண்றது (அழுத்த நீராவில கிருமி நீக்குறது), சூட்டுல கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமா உடையும், மியூட்டன்ட் அதைத் தின்னு வளர்ந்து உங்களை ஏமாத்தும், தனியா ஃபில்டர் பண்ணிச் சேருங்க. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் அதே வேலை பண்ணும். ஜீனைத் தூக்கினப்போ அதே ஆபரான்ல (ஒரே சுவிட்சுல ஓடுற ஜீன் வரிசை) பின்னாடி இருக்கிறதும் படுத்துடலாம், அந்த ஒரு ஜீனை மட்டும் திரும்பப் போட்டு வளருதான்னு பார்க்காம அந்த கிராஃபை சூப்பர்வைசர்கிட்ட காட்டாதீங்க.