பிள்ளையைச் சித்தாளாகவே வைத்திருக்காதீர்கள்: ஹோம்ஸ்கூலில் வீட்டு வேலை பழக்கும்போது நடக்கும் தவறுகள்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களின் அட்டவணையில் காலை ஜெபம், வேத வாசிப்பு, கணக்கு, தமிழ், இங்கிலீஷ் என்று வரிசையாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் "வாழ்க்கைத் திறன்" என்று ஒரு கட்டம். அந்த நேரத்தில் அடுப்படியை எட்டிப் பார்த்தால், அம்மா சமைத்துக்கொண்டிருப்பார், பிள்ளை பூண்டு உரித்துக்கொண்டிருக்கும். "அந்தக் கரண்டியை எடு. இந்தத் தட்டைக் கழுவு. கொஞ்சம் தள்ளி நில்லு." மூன்று வருஷம் இப்படியே போகும். அம்மா ஊரில் இல்லாத ஒரு நாளில், பதிமூன்று வயதுப் பையனுக்கு ஒரு ஆழாக்கு அரிசியைப் பொங்கத் தெரியாது.

கட்டட வேலையில் சித்தாள் கலவை கொண்டுவருவார், செங்கல் எடுத்துக் கொடுப்பார். தூக்குக்குண்டு பிடிப்பது கொத்தனார். சுவர் கோணிப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் கொத்தனார்தான். பிள்ளையை வருஷக்கணக்கில் சித்தாளாகவே வைத்திருப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. கீழே வரும் தவறுகளில் பாதி இதன் கிளைகள்.

துண்டு வேலை கொடுப்பது

சாதம் வைப்பதை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுப் பிள்ளை, பக்கத்தில் பெரியவர் ஒருவர், மூன்று லிட்டர் குக்கர். இந்த வேலை அரிசி அளப்பதில் தொடங்கி, சாப்பிட்டு முடித்து கேஸ்கட்டைக் கழுவித் தொங்கவிடுவதில் முடிகிறது. நடுவில் இருக்கும் எதையும் நீங்கள் செய்துகொடுத்தால் அது பிள்ளையின் வேலை இல்லை.

பச்சரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டு டம்ளர். புழுங்கல் என்றால் மூன்று. அரிசியை இரண்டு தடவை களைந்து இருபது நிமிஷம் ஊறவிட வேண்டும். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஆவி வரும் குழாய் வழியாக ஒளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களே தவறவிடும் இடம் இது. நேற்று வைத்த பருப்பின் தோல் ஒன்று அங்கே ஒட்டியிருந்தால் விசில் வராது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மூடியைப் போட்ட உடனேயே வெயிட்டைப் போடக் கூடாது. ஆவி கோடு மாதிரி நேராக எழும்பிய பிறகு போட வேண்டும். குழாய் அடைக்கவில்லை என்பதற்கு அந்த ஆவிதான் சாட்சி. பச்சரிசிக்கு மூன்று விசில், புழுங்கலுக்கு ஐந்து என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டு அரிசிக்கும் அடுப்புக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்தபின் பத்து நிமிஷம் தொடாமல் விட வேண்டும். பிறகு கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிப் பார்க்கலாம். 'உஸ்' என்ற சத்தம் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்துப் பக்கம் வராமல் மறுபக்கம் சாய்த்துத் திறக்கப் பழக்குங்கள். சாதம் கைவந்த பிறகு பருப்புக்குப் போகலாம். பருப்பு நுரைத்து எழும்பும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாள் நீங்கள் செய்ய, பிள்ளை பார்க்கட்டும். அப்போது பேசாதீர்கள். பேசினால் பிள்ளையின் கண் உங்கள் வாய்க்குப் போகும், கைக்குப் போகாது. அடுத்து ஒரு வாரம் பிள்ளை செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். கடைசி நாட்களில் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலான அம்மாக்கள் தோற்கிறார்கள்.

கேஸ் அடுப்பைத் தொடுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சின் சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூட வேண்டும், கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் பத்தாது, வாசல் கதவையும் திறக்க வேண்டும். பிறகு வெளியே போய் 1906-க்குப் போன் செய்ய வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த நாலு இலக்கம் பெரிய பாரமில்லை.

பின்னாலேயே போய்த் திருத்துவது

பிள்ளை மடித்து வைத்த பெட்ஷீட்டை ராத்திரி பிரித்து, அம்மா மறுபடியும் மடிக்கிறார். மறுநாள் பிள்ளை பீரோவைத் திறக்கும்போது அது தெரிந்துவிடும். அடுத்த தடவை அது சுருட்டித்தான் வைக்கும். எப்படியும் அம்மா சரிசெய்வாரே.

வேலை முடிந்தது என்றால் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லாததுதான் கோளாறு. குளியலறை கழுவுவது என்றால் ஜல்லடை மூடியில் முடி இருக்கக் கூடாது, மக் கவிழ்ந்திருக்க வேண்டும், மூலையில் சோப்பு நுரை நிற்கக் கூடாது என்று மூன்றே அடையாளம். மூன்றில் ஒன்று இல்லையென்றால் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதே கை மறுபடி செய்யட்டும். சிறு பிள்ளைகளிடம் சோப்புத் தூள் மட்டும் கொடுங்கள். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வசனத்தைப் பிரம்பாக்குவது

இது கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய தவறு. பாத்திரம் கழுவாத எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது என்று பைபிளிலேயே இருக்கிறது என்கிறோம். 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் பேசுவது, வேலை செய்ய 'மனதில்லாமல்' சபையில் வீண் அலுவல் பார்த்துத் திரிந்த பெரியவர்களைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கு மனம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. முதலில் பேப்பரால் துடைத்துவிட்டு வெந்நீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தால் பிரச்சினை அங்கேயே தீரும். பிள்ளைகளைத் திடனற்றுப் போகும்படி கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21-ல் எழுதியவரும் அதே பவுல்தான்.

கீழ்ப்படியாமை வேறு, தெரியாமை வேறு. சாதம் அடிப்பிடித்தது பாவமல்ல, தண்ணீர் போதவில்லை.

பையன் அடுப்படிக்கு வராமல், பெண் பேங்குக்குப் போகாமல்

உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பில் மீன் வைத்துவிட்டுச் சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டது யோவான் 21-ல் இருக்கிறது. பையன் தோசை சுட்டால் குறைச்சல் ஒன்றும் வந்துவிடாது. அதேபோல் ஃபியூஸ் போனால் மெயினை அணைக்கவும், பேங்கில் செல்லான் நிரப்பவும் பெண்பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காணிக்கையை வாசலில் கொடுப்பது

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில், மணியடிக்கும் நேரத்தில், அப்பா சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துப் பிள்ளையின் கையில் திணிக்கிறார். பிள்ளை அதைக் காணிக்கைப் பையில் போடுகிறது. இதில் பிள்ளை கொடுத்தது என்ன? தபால்காரர் வேலை.

பத்து வயதில் மாதம் 200 ரூபாய் கொடுங்கள் (உங்கள் நிலைமைக்கேற்ப 100 என்றாலும் சரி), ஒன்றாம் தேதி, சில்லறையாக. முதல் வேலையாக அதில் 20 ரூபாய் காணிக்கைக் கவருக்குள் போகட்டும். மிச்சம் 180-ல் பேனா, நோட்டு, நண்பனின் பிறந்தநாள் பரிசு எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. வாரம் ஐந்து ரூபாய் என்று போய்க்கொண்டிருக்கும்போது ஐந்து ஞாயிறு உள்ள மாதம் ஒன்று வரும். கடைசி வாரம் கவர் காலி. அன்றைக்கு நீங்கள் ஐந்து ரூபாய் நீட்டினால் இத்தனை நாள் பழக்கியது வீண். அடுத்த மாதம் பிள்ளையே காலண்டரைப் பார்த்துவிட்டு நாலு நாலு ரூபாயாகப் பிரிக்கும். கணக்குப் புத்தகத்தில் வகுத்தல் பாடம் நடத்த இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

படுக்கை மடிப்பதற்கும் தட்டுக் கழுவுவதற்கும் காசு கொடுக்காதீர்கள். அது வீட்டில் இருப்பதற்கான வேலை. பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே கையாள ரிசர்வ் வங்கி விதிகள் இடம் கொடுக்கின்றன; வரம்பை அந்தந்த வங்கி வைக்கும். தபால் அலுவலகத்திலும் இந்த வசதி உண்டு.

பன்னிரண்டு வயதுக்கு மேல் கரண்ட் பில்லைக் கையில் கொடுங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். 2000 வாட் கீஸர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். வாரம் ஒரு தடவை மீட்டரைப் பார்த்துக் குறித்து வரும் பிள்ளை, கீஸரை யார் அணைக்கவில்லை என்று உங்களையே கேட்கும்.

முதலுதவியைப் படமாக மட்டும் காட்டுவது

சுட்டுக்கொண்டால் பற்பசை, மாவு, மை எதுவும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று கடிகாரம் வைத்து ஒருநாள் பழகிப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவில். கடையில் வாங்கும், ஒரு லிட்டர் நீருக்கான உப்பு-சர்க்கரைத் தூள் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. உப்பு கூடிப்போனால் அது கெடுதலாகவே முடியும்.

எழுதி வைக்காமல் விடுவது

பின்னாளில் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கும் எண்ணமிருந்தால் பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும். அங்கே மனையியலை ஒரு பாடமாகவே எடுக்கலாம், செய்முறையும் உண்டு. தேதி, செய்த வேலை, எது தவறியது என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும். அதைப் பிள்ளையே எழுதட்டும்.

வீட்டோடு நிறுத்திக்கொள்வது

நாலு பேருக்குச் சமைக்கத் தெரிந்த பிள்ளையை சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் நூற்றுக்கணக்கானோர் பந்தியில் உட்காருவார்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் என்ற கணக்கை அப்படியே பெருக்கி அண்டாவில் ஊற்றினால் சாதம் குழைந்துவிடும். பெரிய பாத்திரத்தில், அரிசியின் அளவோடு பார்த்தால், ஆவியாகப் போகும் நீர் குறைவு. இதைச் சமையல்காரர் வாயிலிருந்தே கேட்கட்டும். பிறகு பரிமாற விடுங்கள். முதல் தடவை சாம்பார் வாளி வேண்டாம், தண்ணீரும் உப்பும் போதும். அடுத்த பந்தியில் வாளியைக் கொடுத்தாலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கரண்டி இலைக்கு ஒரு சாண் உயரத்தைத் தாண்ட விடாதீர்கள்.