போர் தண்ணீர் நிரப்பிய நீச்சல் குளமா? குளோரினுக்கு முன்னால் ஆசிட்

குளத்துத் தண்ணீர் லேசாகப் பச்சையடித்ததும் பலரும் குளோரின் கேனைத்தான் தூக்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8-ஐத் தாண்டிவிட்டால், ஊற்றிய குளோரினில் கால்வாசிகூட உருப்படியாக வேலை செய்யாது. போர் தண்ணீரில் இது சகஜம்.

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் மறுபடி பெருக்கினால் லிட்டர். 8 × 4 × 1.25 என்றால் 40,000 லிட்டர். கீழே உள்ள அளவுகள் இதற்குத்தான். உங்கள் குளத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டெஸ்ட் கிட். மேல்தண்ணீரை மொள்ளாமல், முழங்கை ஆழத்தில் எடுங்கள். பி.எச். சொட்டு விட்டுக் குலுக்கி, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் என்றால் குறைவு, ஆரஞ்சு கலந்த சிவப்பு என்றால் சரி, அடர்ந்த ரோஸ் என்றால் அதிகம். 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். அல்கலினிட்டி, அதாவது பி.எச்.-ஐச் சட்டென்று மாறவிடாமல் பிடித்துவைக்கும் காரத்தன்மை, 80–120 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) போதும், போர் தண்ணீரில் 200-ஐத் தாண்டுவதும் உண்டு.

இரண்டையும் இறக்குவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கெட்டில் முதலில் தண்ணீர், அதில்தான் ஆசிட்; மாற்றிச் செய்தால் மேலே தெறிக்கும். பம்பை ஓடவிட்டு, ஆழமான பக்கம் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு அரை லிட்டர், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட். அல்கலினிட்டி 10 பி.பி.எம். இறங்கவே சுமார் 800 மில்லி பிடிக்கும், அதனால் பல நாள் வேலை இது. ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பி.எச். சரிந்து, பம்பும் ஏணியும் அரிக்கும். லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நிரப்பி அல்கலினிட்டி குறைந்திருந்தால், 700 கிராம் சமையல் சோடா 10 பி.பி.எம். ஏற்றும்.

அப்புறம்தான் குளோரின், அதுவும் வெயில் இறங்கிய பிறகு. 10 சதவீதத் திரவக் குளோரின் 400 மில்லி ஊற்றினால் 1 பி.பி.எம். கூடும், வழக்கமாக 1–3 போதும். பச்சை பிடித்திருந்தால் 10 வரை ஏற்றி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபில்டரை இரவு முழுக்க ஓடவிடுங்கள். தண்ணீர் தெளிந்து, குளோரின் 3-க்கு இறங்கும்வரை யாரும் குளிக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் சுண்ணாம்பு அடியில் படியும். ஏற்கெனவே கடினமான போர் தண்ணீருக்கு அது வேண்டாத வேலை.

ஆசிட் பக்கெட்டில் குளோரினை ஊற்றவே கூடாது, விஷவாயு கிளம்பும். இரண்டு கேன்களையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.