ஐப்பசி மழையில் நீலகிரியில் நிச்சயதார்த்தம்: வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு

கனடாவிலும் லண்டனிலும் இலை உதிரும் மாதங்கள் நமக்குப் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகைத் தொடக்கம். அங்கே லீவு கிடைக்கிற நாளும் இங்கே பெரியவர்கள் ஒப்புக்கொள்கிற நாளும் சேர்ந்து வருவதே அபூர்வம். இடம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மலையாகிவிட்டால் மழையும் மலைப்பாதையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அதனால் மண்டபத்தைத் தேடும் முன் பாதையையும் பொழுதையும் யோசியுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. நிச்சயத்தை மலையில் எதற்கு வைக்க வேண்டும்? பாட்டியோ பெரியப்பாவோ இங்கே இருக்கிறார், அவரால் கீழே இறங்கி வர முடியாது என்றால் அதைவிட நல்ல காரணம் வேண்டாம். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் நிறைய. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று டேன்டீ என்கிறோம். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து தாத்தா பாட்டி முன்னால் தட்டு மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம்! அப்படி யாரும் மலையில் இல்லை, படங்கள் அழகாக வரும் என்பதற்காக மட்டும் என்றால், நிச்சயத்தைக் கோயம்புத்தூரில் வைத்துக்கொண்டு, அப்புறம் இளையவர்கள் மட்டும் இரண்டு நாள் மேலே வந்து போகலாம். எழுபது வயதுக்காரர்களைக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக் கொண்டுவந்து, குளிரில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

சரி, மலையில்தான் என்று முடிவாகிவிட்டது. மாதத்துக்கு வருவோம். புரட்டாசியில் கல்யாணப் பேச்சே கூடாது என்கிற வீடுகள் உண்டு; நிச்சயம் மட்டும் வைக்கலாம் என்கிற வீடுகளும் உண்டு. மகாளய பட்சத்தை எல்லோருமே தவிர்ப்பார்கள். இதை விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே இரண்டு பக்கப் பெரியவர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். புரட்டாசி என்றால் சாப்பாடு சைவம் என்பதும் முடிந்த மாதிரிதான். ஐப்பசியில் அந்தத் தடை இல்லை, ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவத்தைவிட இந்த மழைதான் அங்கே பலமாக அடிக்கும். 2009 நவம்பரில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதும், மண் சரிந்து உயிர்கள் போனதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. வருஷா வருஷம் அப்படி ஆவதில்லை. ஆனாலும் மரம் விழுந்து அரை நாள் பாதை அடைபடுவது ஐப்பசியில் சாதாரணம். என்னைக் கேட்டால் ஆவணியின் கடைசி முகூர்த்தங்கள்தான் முதல் தேர்வு. அது அமையாவிட்டால் மழை கொஞ்சம் விட்ட கார்த்திகை.

கிழமையில் ஒரு வசதி இருக்கிறது. ஆயுத பூஜை விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் மலை நிரம்பி வழியும். செப்டம்பர், அக்டோபர் ஊட்டியின் இரண்டாவது சீசன் வேறு. அதனால் புதன்கிழமையைப் பாருங்கள், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். புதன்கிழமை எமகண்டம் காலை 7.30 முதல் 9 வரை, குளிகை 10.30க்கு ஆரம்பம், ராகுகாலம் 12க்கு மேல். ஆக 9லிருந்து 10.30 வரை தாராளமாக இருக்கிறது. ஞாயிறுதான் வேண்டும் என்றால் எமகண்டம் 12 மணிக்குத்தான், ராகுகாலமோ மாலை 4.30க்கு, காலை முழுவதும் உங்கள் கையில். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகுகாலம் என்பதால் நேரம் இடிக்கும். எந்தக் கிழமையானாலும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானப் பந்தி முடிந்து, கீழே போக வேண்டியவர்கள் 3 மணிக்கு வண்டி ஏறிவிட வேண்டும். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. வெளிநாட்டு வழக்கப்படி மாலை ரிசப்ஷன் வேண்டும் என்றால், இரவு மலையிலேயே தங்குகிறவர்களை மட்டும் அழையுங்கள்.

வெளியூர் வண்டிகள் மேலே வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, அரசின் இணையதளத்தில் பதிந்தால் போதும். இந்திய செல்போன் எண் இல்லாதவர்கள் மின்னஞ்சலில் பதியலாம். டிஎன் 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் பாஸ் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் வேன்களுக்கு எல்லாம் சேர்த்து ஒருவரே பொறுப்பெடுத்துப் பதிந்துவிட்டால், கல்லாறு சோதனைச் சாவடியில் யாரும் போனை நோண்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பெரிய பேருந்து ஒன்றைவிட வேன் இரண்டு நல்லது. உள்ளூர் டிரைவர் கிடைத்தால் அதைவிட நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு பாதை. ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்கிறதா என்று அன்று காலை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மலை ரயிலை நம்பி விருந்தினரை அழைக்கவே கூடாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பினால் ஊட்டி சேர மத்தியானம் ஆகும். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் விழுந்து ரத்தாவதும் உண்டு. நிச்சயம் முடிந்த பிறகு குழந்தைகளை அதில் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு மறக்காது.

தங்கும் இடத்தில், அனுமதி உள்ள விடுதியா என்று முதலில் கேளுங்கள். அனுமதியில்லாத காட்டேஜ்களுக்குச் சீல் வைப்பது இங்கே நடக்கிற காரியம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை அரசிடம் பதிய வேண்டும். அதற்கு எல்லோருடைய பாஸ்போர்ட், விசா நகலையும் தயாராக வைத்திருங்கள்.

இனி மண்டபம். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி திறந்த வெளியில் பந்தல் என்று படத்தைக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஐப்பசியில் அதற்குச் சம்மதிக்காதீர்கள். தகரக் கூரையும் வேண்டாம். நிச்சயத்தில் பெரியவர்கள் காத்திருப்பது லக்ன பத்திரிகை வாசிக்கும் நேரத்துக்குத்தான். இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று பேர் பேராகப் படிக்கும்போது, மறைந்துபோன தன் அப்பாவின் பெயர் சபையில் ஒலிப்பதைக் கேட்கத்தான் அந்தத் தாத்தா காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்கிறார். அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் மழை அடித்தால் மைக் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. கான்கிரீட் கூரை, ஜெனரேட்டர், படியேறாமல் போகக்கூடிய கழிப்பறை: இந்த மூன்றும் உள்ள சின்ன சமூகக்கூடம் போதும். பெரியவர்களுக்குக் கம்பளமும் வெந்நீர் பிளாஸ்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சமையலுக்குக் கீழிருந்து ஆள் கூட்டி வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். குளிரில் இட்லி மாவு புளிக்காது, தயிர் உறையாது. உள்ளூர்ச் சமையல்காரர் மாவை முந்தின மத்தியானமே ஆட்டி அடுப்பங்கரைச் சூட்டில் சாக்கு போர்த்தி வைப்பார். அவரையே பிடியுங்கள். வடை ஆறுவதற்குள் பரிமாற ஆளும் கூடுதலாக வேண்டும்.

சீர்த்தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள் குங்குமம், புடவை எல்லாம் வழக்கம்போல. மல்லிகை சத்தியமங்கலத்திலிருந்தோ கோவையிலிருந்தோதான் ஏறி வர வேண்டும், கார்த்திகையில் விலையும் ஏறும்; முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். தட்டுகளைப் பளபள பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டாம். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். மெல்லிய துணி போட்டு மூடினால் தட்டுக்கே ஒரு களை வரும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. அதில் தேங்காயோடு ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கியும் போட்டுக் கொடுங்கள், காகிதத்தில் கட்டியது.

ஊர் திரும்பும் விமானம் கோவையிலிருந்து என்றால், முந்தின நாள் மத்தியானமே இறங்கி கோவையில் ஓர் இரவு தங்குங்கள். கொச்சியோ சென்னையோ என்றால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.