கவுண்டி சொத்து வரிப் பதிவேட்டைத் தேடிப் படிக்கும் முறை

அமெரிக்காவில் வீடு வாங்க முனைபவர்களில் பலர், விற்பனை விளம்பரத்தில் காணப்படும் ஆண்டு வரித் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு மாதச் செலவைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் அது விற்பவருடைய வரி. அவர் எந்த ஆண்டில் வாங்கினார், அவருடைய வயது என்ன, என்னென்ன விலக்குகளைப் பெற்றிருக்கிறார் என்பவை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. வீடு கைமாறியபின் வரி எவ்வளவு ஆகும் என்பதைக் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) பதிவேட்டிலிருந்து நாமே ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம். பதிவேடு பொது ஆவணம் என்பதால், வரியைப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் கட்டணமும் பொதுவாகத் தேவையில்லை.

முதலில், தகவல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும். சொத்தை மதிப்பிடுபவரும் வரியை வசூலிப்பவரும் பல மாநிலங்களில் வெவ்வேறு அலுவலகங்கள். கலிஃபோர்னியாவில் அசெசர் மதிப்பிடுகிறார், ஆடிட்டர்-கன்ட்ரோலர் வரியைக் கணக்கிடுகிறார், டாக்ஸ் கலெக்டர் பணத்தைப் பெறுகிறார். டெக்சஸில் மதிப்பீடு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்னும் தனி அமைப்பின் வேலை. ரசீதும் நிலுவையும் வரி அலுவலகத்தின் தளத்தில் இருக்கும். கிரயப் பத்திரமும் வில்லங்கமும் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ரெக்கார்டர் அல்லது கவுண்டி கிளார்க் அலுவலகம் தனி. நியூ ஜெர்சியில் வரியை வசூலிப்பது கவுண்டி அல்ல, நகராட்சி. கனெக்டிகட்டில் மதிப்பீடு, வசூல் இரண்டுமே நகரங்களின் பொறுப்பு. லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ்.

அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்துக் கவுண்டியை முடிவு செய்துவிடக் கூடாது. டாலஸ் நகரின் சில பகுதிகள் காலின், டென்டன் கவுண்டிகளுக்குள் இருப்பதால், டாலஸ் கவுண்டித் தளத்தில் அந்த வீடுகளைத் தேடிப் பயனில்லை. தளத்தின் முகவரி அரசுக்குரிய ‘டாட் கவ்’ என்று முடிய வேண்டும் என்ற விதியும் முழுமையாகப் பொருந்தாது. டெக்சஸின் பெரிய அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுகள் சில ‘டாட் ஆர்க்’ முகவரியில் இயங்குகின்றன. எனவே கவுண்டியின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய், அங்குள்ள இணைப்பு வழியே செல்வதே பத்திரமான வழி. வரி விவரத்தைக் காட்டவே பணம் கேட்கும் பக்கம் திறந்தால், அது தனியார் தளம் என்று கொள்ளலாம்.

முகவரியைக் கொண்டு தேடும்போது குறைவாகத் தட்டச்சு செய்பவருக்கே விடை கிடைக்கிறது. ‘1420 நார்த் மேப்பிள் டிரைவ்’ என்று முழுவதும் எழுதினால், பதிவேட்டில் திசைக்கும் தெரு வகைக்கும் சுருக்கக் குறிகள் மட்டும் இருக்கும் காரணத்தால், ‘பதிவு இல்லை’ என்று வரக்கூடும். ‘1420’, ‘மேப்பிள்’ என்ற இரண்டை மட்டும் கொடுத்தால் அதே வீடு உடனே வந்து நிற்கும். உரிமையாளர் பெயரைக் கொண்டு தேடும் வசதி டெக்சஸில் பரவலாக உண்டு; கலிஃபோர்னியக் கவுண்டித் தளங்களில் பெரும்பாலும் கிடையாது. பெயர் வழியே தேடும்போது நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தந்தையின் பெயர் கடைசிப் பெயராகப் பாஸ்போர்ட்டில் ஏறியிருக்கும், பதிவேடும் கடைசிப் பெயரை முதலில் எழுதும். ஆகவே கார்த்திக்கின் வீடு ‘சுப்பிரமணியன் கார்த்திக்’ என்று அப்பாவின் பெயரில் வரிசைப்பட்டிருக்கும். ஒருமுறை வீடு கிடைத்துவிட்டால் அதன் பார்சல் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. கவுண்டிக்குக் கவுண்டி அதன் பெயரும் வடிவமும் மாறினாலும், பெயர்க் குழப்பமோ முகவரிக் குழப்பமோ இல்லாமல் ஒரு மனையைச் சுட்டுவது அந்த எண்தான்.

பக்கம் திறந்ததும் இரண்டு மூன்று மதிப்புகள் கண்ணில் படும். பலர் தடுமாறுவது இங்கேதான். சந்தை மதிப்பு என்பது அலுவலகம் அந்த வீட்டுக்குக் கணித்த விலை. மதிப்பீட்டுத் தொகை என்பது சட்டப்படி அதிலிருந்து வரிக்காக எடுத்துக்கொள்ளப்படும் பங்கு: ஜார்ஜியாவில் 40 சதவீதம், ஒஹையோவில் 35, கனெக்டிகட்டில் 70, சிகாகோ அமைந்த குக் கவுண்டியின் குடியிருப்புகளுக்கு 10. இதை அறியாதவர், ‘4 லட்சம் டாலர் வீட்டை 1.6 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், நமக்கு லாபம்’ என்று எண்ணிக்கொள்வார். ஜார்ஜியாவில் 1.6 லட்சம் என்பது 4 லட்சத்தின் 40 சதவீதம்; வீடு முழு விலைக்கே மதிப்பிடப்பட்டிருக்கிறது. விலக்குகளைக் கழித்தபின் எஞ்சும் வரிக்குரிய மதிப்பின் மீதுதான் விகிதம் விதிக்கப்படுகிறது. விகிதம் ‘மில்’ கணக்கில் இருந்தால், ஒரு மில் என்பது 1,000 டாலருக்கு 1 டாலர்.

இதற்கு மேல் உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் 1978இல் நிறைவேறிய முன்மொழிவு 13 என்னும் சட்டத்தின்படி, அடிப்படை வரி 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் வீடு விற்கப்பட்டால் பொதுவாக அன்றைய சந்தை மதிப்புக்கு அது உயர்ந்துவிடும். பதிவேட்டில் 3.5 லட்சம் டாலர் மதிப்பீடும், உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கான விதிப்பும் சேர்ந்து 1.2 சதவீத விகிதமும் காணப்பட்டால், விற்பவரின் வரி 4,200 டாலர். அதே வீட்டை 12 லட்சத்துக்கு வாங்குபவரின் வரி 14,400 டாலர். இது மட்டுமல்ல, மதிப்பு வித்தியாசமான 8.5 லட்சத்துக்கு, நிதியாண்டு முடியும் ஜூன் வரை மிஞ்சியிருக்கும் மாதங்களைக் கணக்கிட்டு, சப்ளிமென்டல் பில் என்று ஒன்று தனியாக வரும். அக்டோபரில் வாங்கியிருந்தால் நவம்பர் முதல் எட்டு மாதங்களுக்கு அது ஏறத்தாழ 6,800 டாலர். வழக்கமாக இந்த பில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகாமல் நேரே வீட்டுக்காரருக்கு வருகிறது. எஸ்க்ரோவில் (வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்து வங்கி பிடித்து வைக்கும் கணக்கில்) பணம் பிடிக்கிறார்களே என்று அதை மூலையில் போட்டுவிட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு.

டெக்சஸில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பீடு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஃப்ளோரிடாவில் இந்த வரம்பு 3 சதவீதம். டெக்சஸில் சென்ற ஆண்டு 3.6 லட்சமாக இருந்த மதிப்பீடு, சந்தை மதிப்பு 4.5 லட்சமானாலும், இவ்வாண்டு 3.96 லட்சத்தில் நிற்கும். அதிலிருந்து, பள்ளி மாவட்டம் விதிக்கும் பள்ளி வரிக்கு, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு கழியும். 2023இல் 1 லட்சம் டாலராக இருந்த இது, 2025 நவம்பர் வாக்கெடுப்பால் 1.4 லட்சம் ஆனது. ஆகவே பள்ளி வரி 2.56 லட்சத்துக்கும், கவுண்டி, நகர வரிகள் வேறு தொகைகளுக்கும் விதிக்கப்பட்டிருப்பதைக் கண்டு பதிவில் பிழை என்று கருத வேண்டியதில்லை. விற்பவர் 65 வயதைக் கடந்தவராக இருந்தால் அவருடைய பள்ளி வரி உறைநிலையில் இருக்கும்; அந்தச் சலுகையும் 10 சதவீத வரம்பும் அவரோடு போய்விடும்.

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டெக்சஸில் மதிப்பீடு ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி செய்யப்படுகிறது. அன்று அந்த இடம் வெறும் மனையாக இருந்திருந்தால், அவ்வாண்டின் வரி மனைக்கு மட்டும்தான். பதிவில் கட்டட மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், மறு ஆண்டு வரி பல மடங்காகும் என்று பொருள். எஸ்க்ரோ தொகையை அந்தச் சிறிய வரியை வைத்து நிர்ணயித்திருந்தால், பற்றாக்குறையும் புதிய வரியும் ஒருசேர மாதத் தவணையில் ஏறும்.

வரி பில்லில் மதிப்போடு தொடர்பில்லாத வரிகளும் இருக்கும். கலிஃபோர்னியாவின் புதிய குடியிருப்புகளில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்படும் மெல்லோ-ரூஸ் கட்டணம் அத்தகையது. டெக்சஸில் ‘மட்’ எனப்படும் நீர் வழங்கல் மாவட்டத்தின் வரி மதிப்பின் மீதே விதிக்கப்படுகிறது, ஆனால் எல்லா வீடுகளுக்கும் கிடையாது. பக்கத்துத் தெருவில் இல்லாமலும் இருக்கலாம்.

செலுத்திய விவரத்தைப் பார்க்கும்போது அந்த மாநிலத்தின் தேதிகளை அறிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் டிசம்பர் 10, ஏப்ரல் 10 ஆகியவை இரு தவணைகளின் கடைசி நாள்கள். டெக்சஸில் ஜனவரி 31; மறுநாளே 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் சேரும். இல்லினாயில் ஓராண்டின் வரியை மறு ஆண்டில் கட்டுகிறார்கள் என்பதால், ‘இன்னும் செலுத்தவில்லை’ என்று இருப்பது நிலுவை ஆகாது.

கடைசியாக, கட்டடத்தின் சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு ஆகியவற்றை உண்மை நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாத அறைக்கும் வரி கட்டுவோர் உண்டு. நல்ல வேளையாக, விலை பற்றிய வாதத்தைவிட அளவுப் பிழையை நிரூபிப்பது எளிது. டெக்சஸில் மே 15, அல்லது மதிப்பீட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள், இவற்றில் பிந்தியது வரை ஆட்சேபம் தெரிவிக்கலாம். விலக்குகள் பகுதியில் ஹோம்ஸ்டெட் என்ற சொல்லே இல்லையென்றால், அதற்கு நீங்கள் விண்ணப்பிக்கவில்லை, அல்லது அது இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். டெக்சஸில் வரி நிலுவையாகும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அந்த ஆண்டுக்காகத் தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம், படிவத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.